பெறுநர்

நாளைக்கு இறையாண்மை பற்றிப் பன்னிரண்டு பக்கம் தரவேண்டும்.
ஒன்பதாவதில் கரண்ட் போனது.
காசிமேட்டில் கரண்ட் போனால்
எல்லா வீடும் தெருவுக்கு வந்துவிடும்.

ஜெசிந்தா அக்கா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தபடி
போனை நீட்டினாள்.
டெல்பின் அனுப்பிய படம்:
துருவேறிய இரும்பில்
பாதி அழிந்த கப்பல் பெயர்.
ஏழு மாதமாய்ச் சம்பளம் இல்லை.
கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியாது.
ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்துக் குளிக்கிறார்களாம்.

"நீதான் நாடு நாடா படிக்கிறியே,
எந்த நாட்டாண்ட கேக்கணும், சொல்லு."

கொடி பனாமா.
முதலாளி கிரேக்கத்தில்,
இல்லையென்றால் மைத்துனன் பெயரில் சைப்ரஸில்.
ஆள் பிடித்த ஏஜென்ட் மண்ணடியில்,
ஷட்டர் இறங்கி மூன்று வாரம்.
நங்கூரம் கிடக்கும் கடல் ஷார்ஜாவுடையது.
சரக்கு யாருடையதென்று
அதன்மேல் படுத்துறங்கும் டெல்பினுக்கே தெரியாது.

தேர்வில் வந்தால் சுலபமான கேள்வி.
பத்து மதிப்பெண், இரண்டு மேற்கோள்.
'தலைமையற்ற உலக ஒழுங்கில்' என்று தொடங்கி
'எனினும்' போட்டு முடித்துவிடலாம்.

எட்டாம் பக்கத்தைத் திருப்பி
டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்:
அனுப்புநர்,
டெ. ஜெசிந்தா, பவர் குப்பம், காசிமேடு, சென்னை 13.
பெறுநர்,

எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள்
ஹார்பர் கேட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.
பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு எழுத்து.
ஒன்றிரண்டை வாசிக்கவும் தெரியும் எனக்கு.

"இன்னா, இங்க் தீந்துட்சா?"
என்றாள் அக்கா,
பேனா தேட எழுந்தாள்.