சுமை வைத்துப் பார்

நான்கு நாள் வகுப்பு, தென்கோபியில்,
பள்ளி விடுமுறையில் காலியான ஓர் அறை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே ஆறு மேய்ப்பர்கள்,
லாரிக்காரன் மனைவி ஒருத்தி. அது நான்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

சொல்லித்தர வந்தவனுக்கு இருபத்து மூன்று வயது.
எர்தெனெபிலெக் என்று பெயர்.
ஒட்டகத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன்.
கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டான்.
"சுற்று முழுதானால்தான் மின்னோட்டம்.
மயிரிழை விட்டுப்போனாலும் ஓடாது."
ஒட்டகக்காரர் பாத்சூரி கை தூக்கினார்:
"பாதி தூரமாவது?"
ஓடாதாம். புறப்படவே செய்யாதாம்.
கடைசிவரை வழியிருக்கிறதென்று
முதல் அடிக்கு முன்பே அதற்கு எப்படித் தெரியும்?
அந்தக் கேள்விக்கு அவன் டீ குடித்தான்.

கம்பிக்குள் நகர்கிறவை
உறைந்த கொழுப்பு உருகுவதைவிட மெதுவாம்.
பிறகு சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவானேன்?
இதற்கு நான் சொன்னேன்:
பட்டிச் சந்து நிறைய ஆடு அடைத்திருக்கையில்
கடைசி ஆட்டை இடித்தால்
முதல் ஆடு அப்போதே வெளியே விழும்.
இடித்த ஆடு இன்னும் உள்ளேதான் நிற்கும்.
அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஒரு சந்தியில் வந்து சேர்வது எவ்வளவோ
பிரிந்து போவதும் அவ்வளவே.
ஒரு துளி கூடாது, ஒரு துளி குறையாது.
எங்கள் மந்தைக் கணக்கு
ஒரு மாலைகூட இப்படி நேர் வந்ததில்லை.

லாரி பல்பு இரண்டைத் தொடராகக் கட்டினோம்.
சளி பிடித்த கண்கள் மாதிரி எரிந்தன.
இணையாகக் கட்டினோம். இரண்டும் பளிச்சென்று;
ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றது கவலைப்படவில்லை.
"பேட்டரிதான் சீக்கிரம் தீரும்" என்றான்.
"கல்யாணமான மகன்கள்" என்றார் பாத்சூரி,
வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் பேட்டரியைக் கொண்டுபோனேன்.
ஆட்டுத்தோலில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி.
கணவனின் லாரியிலிருந்து கழற்றியது.
இப்போது எங்கள் கூடாரத்தில்
விளக்குக்கும் டிவிக்கும் அதுதான் கதி;
செய்தி பாதியில் இருக்கும்போதே இருட்டிவிடும்.
மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு.
"நல்லாத்தானே இருக்கு!"
"சும்மா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.
சுமை வைத்துப் பாருங்கள், அக்கா."

முகப்பு விளக்கைக் கவ்வ வைத்தேன்.
பதினொன்று. பத்து.
ஒன்பது புள்ளி ஒன்று.
கம்பி அழுகிய ஆப்ரிகாட் நிறத்தில் முனகியது.
விளக்கை எடுத்தேன். மெல்ல ஏறி,
ஒன்றுமே நடக்காததுபோல்
பன்னிரண்டரைக்கு வந்து நின்றது.
உள்தடை என்றான்.
கொடுக்க வேண்டியதைத்
தனக்குள்ளேயே தின்று தீர்க்கிற நோய்.

அன்றிரவு லுவ்சன்தோர்ஜ் போன் செய்தான்.
எல்லையில் நிலக்கரி வரிசை, பதினோராம் நாள்.
எப்படி இருக்கே?
நல்லா இருக்கேன்.
எப்போதும் இதுதான். பன்னிரண்டு புள்ளி ஆறு.

டீசல் எவ்வளவு மிச்சம் என்றேன்.
மத்தியானம் என்ன தின்றாய்?
பின்னால் நின்ற தோம்போ ஏன் வண்டியைப் போட்டுவிட்டு
ஊர் திரும்பினான்?
எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
பிறகு, எனக்குத் தெரியாத ஒரு சின்னக் குரலில்,
"இடது கால்ல ரெண்டு விரல்
நாலு நாளா மரத்துக் கிடக்கு."
உடனே சிரித்தான். டிவி ஓடுதா என்று கேட்டான்.

நான்காம் நாள் பரீட்சை.
கூட்டலையும் கழித்தலையும் நேரே கோத்துவிட்டேன்;
பட்டென்று போயிற்று ஃபியூஸ்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.
"நல்ல ஃபியூஸ்" என்றான் அவன்,
"அறுந்துபோவதுதான் அதற்கு வேலை."
கருகிய அந்தக் கண்ணாடிக் குழாய்
மேலங்கிப் பையில் கிடக்கிறது.

நாளை இரண்டு ஆடு விற்கப் போகிறேன்.
ஒன்று புதுப் பேட்டரிக்கு.
இன்னொன்று, அவன் என்ன சொன்னாலும்,
எல்லைக்குப் போகிற பஸ்ஸுக்கு.