மீதி எண்பத்து நான்கு

பெர்கன் நகரில் அன்றும் மழைதான்.
கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில், மூன்றாவது மேசையில்,
போர்கில்ட் ஸ்கோல்டாவுக்கு வேலை
மூழ்கிய கப்பலைப் பங்கு போடுவது.
நஷ்டம் இவ்வளவு, முதலாளிகள் பதினாறு பேர்,
ஆளுக்கு இத்தனை குரோனர், சில்லறை இத்தனை.
மாலுமிகள் எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள்.

ஆறு மணிக்கு மேல் வேறு கணக்கு.
ஒன்றுகளை வரிசையாக நிறுத்துவாள்,
துறையில் பாய்மரங்கள் நிற்கிற மாதிரி.
எது இதை உடைக்கும் என்று தேடுவாள்.

பதினோரு ஒன்றுகள் ஓர் இலையுதிர்காலம் தாங்கின;
21649இல் முறிந்தன.
பதின்மூன்று, காபி ஆறுவதற்குள்:
ஐம்பத்து மூன்றே போதுமாயிருந்தது.
பதினேழுக்கு ஒன்பது ஆண்டு.
இரவுக்கு மூன்று வகுத்தல்,
மெழுகுவத்தி, மத்தி மீன் வாசம், மாடியில் யாரோ இருமல்.
2071723க்கு வந்தபோது
மீதி பூஜ்யம்.
அந்தப் பக்கத்தில் மட்டும் மை கொட்டியிருக்கிறது.
காலையில் மேலாளர் ஈவர்சனிடம் சொன்னாளாம்,
"உடைந்துவிட்டது."
அவர் நிமிராமல் கேட்டாராம்,
"யாருடைய கப்பல்?"

பிறகுதான் இது:
1111111111111111111

இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும்
முப்பத்தெட்டால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும்.
அதை அவளே கண்டிருந்தாள்;
ஓரத்தில் நிரூபணம், ஒன்றரை வரி.
191, மீதி 84.
229, மீதி 180.
419. 457. 571.
ஈவு உண்டு, மீதியும் உண்டு.
இரக்கம்தான் இல்லை.

நாலாவது பேரேட்டின் அட்டை உள்புறம்
சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:
சோதிக்க வேண்டியவை ஏறக்குறைய முப்பது லட்சம்.
இரவுக்கு மூன்று வீதம்
இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள்.
அதன் கீழே: ஞாயிறும் சேர்த்து.
அடுத்த பக்கத்தில் அடுத்த வகுத்தல்.

நான் இந்தப் பேரேடுகளைப் பட்டியல் போட வந்தவன்.
கணினியிடம் கேட்டேன்;
விரலை எடுப்பதற்குள் சொல்லிவிட்டது,
பகா எண்.
அவள் தேடியது எந்தப் பக்கத்திலும் இல்லை.
பங்கு போட முடியாத ஒரு முழுமையை
கைக்கு அகப்பட்ட எல்லாவற்றாலும் தட்டிப் பார்த்திருக்கிறாள்.
ஏழாயிரத்துச் சொச்சம் மீதிகள்.
முன்னூறைச் சரிபார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.
ஒன்றும் என்றால், அந்தப் பத்தொன்பதில்
ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

கடைசி வகுத்தல் பாதியில் நிற்கிறது.
எட்டு ஒன்றுகள் இறக்கியாகிவிட்டது,
ஒன்பதாவதற்குக் கோடு கிழித்திருக்கிறாள்,
கோட்டின் கீழே வெற்றுத்தாள்.

காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதியில்லை;
பழைய தாள்களில் எழுதவே கூடாது.
மழை விடவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.
ஒன்பதாவது ஒன்றை இறக்கினேன்.
பிறகு பத்தாவது.
முடிந்ததும் வந்த மீதியைப்
பென்சிலால், அவள் எழுத்தின் அளவுக்கு,
அதே சாய்வில்,
கோட்டின் கீழே எழுதினேன்.