ஆம்பர் விளக்கு

புரேலாத் துறைமுகம். காலை ஐந்து மணி.
மீன் ஏலக் கூடத்தின் திரையில்
ஒரு விலை நின்றுவிட்டது:
கிலோ நான்கு யூரோ இருபது.
இறங்கவும் இல்லை, யார் தலையிலும் விழவும் இல்லை.

ஐஸ் பெட்டிகளில் மெர்லூசா மீன்கள்
வாய் பிளந்து கிடக்க,
வியாபாரி சபேலா தன் ரிமோட்டை
மேசையில் தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.

சுவிட்ச் அலமாரியைத் திறந்தேன்.
எல்லா விளக்கும் பச்சை, எல்லாம் ஒரே துடிப்பில்.
ஆரோக்கியம் அல்ல அது,
ஜன்னி.

எங்கோ ஓர் எடைத்தராசு
'இந்த முகவரி யாருடையது?' என்று
ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கும்.
இந்த அடுக்கில் கேள்விக்குச் சாவில்லை.
சுற்றி வந்து, இரண்டாகி, நாலாகி,
தன் வாலையே பதிலென்று துரத்த,
நிஜமான பதிலுக்கு நிற்க இடமில்லை.

காரணம், ஒரு முழம் கேபிள்.
தரை கழுவிய பிராய்ஸ்
தொங்கிய முனையைப் பார்த்து
ஈரம் படுமே என்று
காலித் துளையில் செருகியிருக்கிறான்.
நல்ல பிள்ளை.
பிடுங்கினேன். விலை இறங்கத் தொடங்கியது.

அப்புறம்தான் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஸ்பேனிங் ட்ரீ அணைக்கப்பட்டது
மூன்று வருடம் முன், ஒரு வியாழக்கிழமை.
பக்கத்தில் பெயர்: உஷியா.
என் பெயர்.
ஏலக் கருவி விழித்தெழ முப்பது விநாடி ஆகிறதென்று
யாரோ அன்று முணுமுணுத்தார்கள்.

இன்று திரும்ப எழுதுகிறேன், வேகமான வகையாக.
வேர் யாரென்று நாம் சொல்லாவிட்டால்
ஐஸ் அறையில் துருப்பிடிக்கும் பழைய பெட்டி
தானே வேராகிவிடும்;
எல்லோரும் ஒரே எண் சொல்லும் தேர்தலில்
சின்ன முகவரிக்குத்தான் வெற்றி.
ஆகவே நடுக்கூடத்துப் பெட்டிக்கு
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
கருவிகளின் துளைகளுக்குக் காத்திருப்பு வேண்டாம்,
அங்கே இன்னொரு சுவிட்சின் குரல் கேட்டால்
கதவைச் சாத்து.

முடிவில் ஒரே ஒரு வாசல்
ஆம்பர் நிறத்தில் அடங்கியது.
கேபிள் இருக்கிறது, உயிர் இருக்கிறது,
வலையின் பேச்சு எதுவும் கடக்காது.
ஆனால் காது உண்டு அதற்கு.
இரண்டு விநாடிக்கொரு முறை
'இருக்கிறேன்' என்கிறது வேர்.
அது கேட்டுக்கொள்கிறது.

பிப்ரவரியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட்
கிழக்குச் சுவரின் கேபிளை நசுக்கியபோது
நான் லூகோவில், பல் மருத்துவர் முன்
வாய் பிளந்து கிடந்தேன்.
கூடத்தில் விலை ஒரு நொடி தயங்கியதாம்.
சபேலா தும்மினாளாம்.
மூக்கைத் துடைத்து நிமிர்ந்து
மூன்று எண்பதுக்கு அமுக்கினாளாம்.