யார் பார்த்தது

இரவு ஷிப்டில் கேட்டான் திம்மராயன்,
பாய்லர் பக்கமிருந்து வந்து
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி:
"எழுந்துட்டாருன்றியேக்கா, யார் பார்த்தது?"

எலத்தகிரியில் ஞானஸ்நானம்,
பத்து வயதில் புதுநன்மை,
முப்பத்தேழு பாஸ்கா இரவுகளில்
மெழுகுத்திரி பிடித்த கை இது.
அதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"பொம்பளைங்க" என்றேன்.
"அதானே" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்த 'அதானே'
கையில் பட்ட மாங்காய்ப் பால் மாதிரி
விடியும்வரை எரிந்தது.

பங்குச் சாமியாரிடம் போனேன்.
"விசுவாசம் போதும்மா" என்றார்,
அவருக்கு அன்று மூன்று மந்திரிப்பு.
ரவுண்டானா பழைய பேப்பர் கடையில்
அட்டை கிழிந்த ஒன்று கிடைத்தது, முப்பது ரூபாய்.
இதற்கொரு பெயர் உண்டாம்: மறைகாப்பியல்.
எனக்கென்னவோ கூர்க்கா வேலை போலக் கேட்டது.
கேட் எங்கே இருக்கிறதென்றே தெரியாத கூர்க்கா.

பர்கூர் பேருந்தில் படித்தேன்.
அடுப்பில் பால் பொங்கப் படித்தேன்.
"எந்தப் பரீட்சைக்கு?" என்றார் வீட்டுக்காரர்.
பதில் சொல்லாமல் நோட்டு வாங்கினேன், இருநூறு பக்கம்.

நால்வர் சொன்னதும் ஒன்றுபோல் இல்லை.
ஒருவர் கணக்கில் கல்லறைக்குப் போனவர்கள் மூவர்,
இன்னொருவர் கணக்கில் ஒருத்தி.
அன்று தூக்கம் போனது.
மறுநாள் லேபில், கூழ்ச் சொட்டைக் கண்ணாடியில் வைக்கும்போது
கைதான் முதலில் நினைத்தது:
ஒரே பெங்களூரா லாட்டுக்கு மூன்று பேர் பிரிக்ஸ் பார்த்தால்
14.2, 14.4, 14.1 என்றுதான் வரும்.
மூன்றும் 14.2 என்றால்
ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியது.
நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே இருப்பது
வெறும் புள்ளி இரண்டல்ல.
அதுவும் தெரியும்.
அதற்கென்று நோட்டில் ஒரு பக்கம்
காலியாக விட்டிருக்கிறேன்.

பதினெட்டு நாள் கழித்து அவனை மடக்கினேன்.
"கதை கட்டுறவன் பெரிய மனுசனைச் சாட்சி வைப்பான் திம்மராயா.
அந்தக் காலத்துல பொம்பளை பேச்சு எடுபடாது.
எடுபடாத ஆளுங்களை எதுக்கு வைக்கணும்?
அவங்கதான் பார்த்தாங்க, அதனால."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
அவன் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"போன சீசன்ல அம்மோனியா கசிஞ்சுதே,
கோல்டு ரூம்ல ரெண்டு பசங்க சுருண்டு விழுந்தானுங்களே.
மூக்கு எரியுதுன்னு முந்தின நாளே சொன்னது
கட்டிங் செக்‌ஷன் கெம்பம்மா.
யாருக்கா எழுதினது அதை?"

யாரும் எழுதவில்லை.
அந்தப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது.
என் கையெழுத்தில், நீல மையில்:
புகார் எதுவும் இல்லை.

அவர் எழுந்தாரா என்பதற்கு இது நிரூபணமல்ல.
திம்மராயன் இன்னும் நம்பவில்லை,
"நாளைக்கு வேற கேள்வி இருக்கு" என்று போனான்.
எனக்கும் நாளை வேண்டியிருக்கிறது.

ஆறு மணிக்கு கேட் திறந்தது.
தூக்குவாளியோடு வந்த கெம்பம்மாவை நிறுத்தி
அந்த நாளைக் கேட்டேன்.
"மூணு பேரா போய்ச் சொன்னோம்" என்றாள்.
"எங்க மூணு பேரு? நீ மட்டுந்தான் போன"
என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நோட்டைத் திறந்து
காலியாக விட்ட பக்கத்தில்
இரண்டையும் எழுதினேன்.