கசிவுக் கணக்கு

ஹேசல்டென் அணையில் எனக்கு வேலை
கசிவை அளப்பது.
வியாழன்தோறும் காலை ஏழு மணி,
ஓக் மரங்கள் முடிகிற இடம்,
கரையின் அடிவாரத்தில் வாய்பிளந்த பித்தளைத் தகடு.
நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர்.
எழுதிக்கொள்கிறேன்.

கூடினால் பயம்.
அடியோடு நின்றுபோனால் அதைவிடப் பயம்:
வேறெங்கோ வழி கண்டுவிட்டது
சொல்லாமல்.

நாயோடு நடக்க வரும் வினிஃப்ரெட் ஆக்டன்
பாலத்தருகே நின்று கேட்பாள்,
"இன்னைக்கு உடையாதுல்ல?"
"இன்னைக்கு இல்ல, வினிஃப்ரெட்."
நாய் மட்டும் நம்பாமல்
மதகுக் கோபுரத்தைப் பார்த்துக் குரைக்கும்.

நடைபாதையின் முதல் வளைவில்
வரலாற்றுப் பலகை. கொள்ளளவு, ஆழம்,
திறந்துவைத்த மேயரின் புகைப்படம்.
தொப்பியின் பட்டுப் பளபளப்புகூடத் தெரிகிறது.
பின்னால் மண்வெட்டியோடு நின்றவர்கள்
கேமரா முடிப்பதற்குள் அசைந்துவிட்டார்கள்;
முகமிருக்க வேண்டிய இடங்களில்
புகை.

அலுவலக நிலவறையில் ஈரம் தின்ற சம்பளப் பேரேடு.
அதில் பெயர்கள் கிடையாது, பட்டப்பெயர்கள்தான்.
செம்பட்டை. கார்க் நெட்டையன். ஞாயிறுக்குளியல்.
நவம்பர் பதினான்கு:
"செம்பட்டை, மண்வெட்டி ஒன்று தொலைத்த வகையில்
பிடித்தம், இரண்டு ஷில்லிங்."
மறுநாளிலிருந்து அவன் வரி காலி.

வேறு பள்ளத்தாக்கில் வேறு அணை கிடைத்திருக்கலாம்.
லிவர்பூலில் கப்பல் ஏறியிருக்கலாம்.
கணக்குப்பிள்ளை விசாரித்ததாகத் தெரியவில்லை,
அவருக்கு மண்வெட்டிக் கணக்கு நேராகிவிட்டது.

கரையின் வயிற்றுக்குள் ஒரு களிமண் சுவர் உண்டு.
அரையடி அரையடியாகக் கொட்டி,
தண்ணீர் தெளித்து,
பூட்ஸ் காலாலேயே மிதித்து இறுக்கியது.
ஆறு குளிர்காலம், தோளோடு தோள் உரசி,
சம்பள இரவுகளில் பாட்டும் வசவுமாய்.
மொத்த ஏரியும் இன்னும்
அந்த மிதியின்மேல்தான் சாய்ந்து நிற்கிறது.
மேலே ஞாயிற்றுக்கிழமைகளில்
தள்ளுவண்டிக் குழந்தைகள், ஐஸ்கிரீம்,
விலையுயர்ந்த நடைக்காலணிகள்.

இன்று மழை விட்ட காலை.
எட்டரை லிட்டர்.
தகட்டின் உதட்டில் நீர் லேசாகச் சிவந்திருந்தது.
இரும்புப் படிவு, அஞ்ச வேண்டியதில்லை
என்கிறது கையேடு.
ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன்,
கையேட்டில் இல்லாத சோதனை.

குறிப்பு என்ற கட்டத்தில்
"நிறம்: துரு. சாதாரணம்" என்று எழுதினேன்.
பிறகு, மேலதிகாரி பார்க்காத ஓரத்தில், பென்சிலால்:

செம்பட்டைக்கு
இரண்டு ஷில்லிங்
பாக்கி.