ஓரங்குலம்

கூரை எங்களுடையது.
அது போய் முட்டும் சுவர்
பக்கத்து வீட்டு கெரைந்த் பார்க்கினுடையது.
இரண்டும் சேரும் கோட்டில்
அக்டோபரிலிருந்து
யாருடையதும் அல்லாத தண்ணீர்.

ஸ்வான்சியில் மழை
வாடகை தராமல் குடியிருக்கிறது.
கடலிலிருந்து மேடேறி மூச்சு வாங்கி
பார்க்கின் சுவரில் சாய்ந்து இறங்குகிறது.

கட்டிலுக்கு மேலே கறை
இட்லியாக ஆரம்பித்து
ஓரம் பழுத்த தோசையாகப் பரவியது.
கறைக்கு நேர் மேலே ஏறித் தேடினான் சேந்தன்.
அங்கே ஒன்றுமில்லை.
தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து
உத்தரத்தின் முதுகில் ஆறடி நடந்து
வேறோர் இடத்தில் தலைகாட்டுகிறது.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
வலிக்கிற இடம் வேறு, கெட்ட இடம் வேறு என்று
நானாவது யோசித்திருக்க வேண்டும்.

முதல் ஆள் சிலிக்கான் குழாயோடு வந்தான்.
பற்பசை போல மூலை நெடுகப் பிதுக்கினான்.
அறுபது பவுண்டு.
ஈயம் பூசின மாதிரியும் பூசாத மாதிரியும்.
ஜனவரி உறைபனியில் அது ஓரம் விட்டு
பாலாடையாய்ச் சுருண்டது.

நெரிஸ் ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னாள்:
"கூரைக்கு அடியில் மரம், அது ஈரத்துக்கு உப்பும்.
சுவர் தன் போக்கில் இருக்கும்.
ரெண்டையும் ஒட்டினால் ஏதாவது ஒன்று கிழியும்.
ஒட்டாதே, போர்த்து.
மேலே உள்ளது எப்போதும்
கீழே உள்ளதற்கு வெளியே விழணும்."

ஒவ்வொரு கற்பலகைக்கும் அடியில்
ஒரு சின்ன ஈயத் துண்டு,
பாதி கூரையில் படுத்து, பாதி சுவரில் நிமிர்ந்து.
அதன் மேல் படிப்படியாய் வெட்டிய தகடு.
தகட்டின் மேல்விளிம்பு
செங்கல் வரிகளுக்கு இடையே
ஓரங்குலம் உள்ளே போக வேண்டும்.

யாருடைய செங்கல்?
அங்கேதான் நின்றது வேலை.

இந்த அறையை நாங்கள் கட்டியபோது
பார்க்கினின் சமையலறை
மாலை வெயிலை இழந்தது.
அன்றிலிருந்து குட் மார்னிங் மட்டும்,
அதுவும் குப்பைத்தொட்டி நாளில்.
தமிழில் ஒழுகுதலுக்கு இரண்டு பொருள்:
சொட்டுவது, முறையாக நடந்துகொள்வது.
கூரை முதலாவதைச் செய்தது.
இரு வீட்டாரும் இரண்டாவதை.

கடிதத்தை மூன்று முறை எழுதினேன்.
சட்டம் பற்றிய பத்தியை
மூன்று முறையும் அழித்தேன்.

தூறலில் செருப்போடு வந்து நின்றார்.
"ஓரங்குலமா?"
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
காற்றை அளந்து பார்த்தார்.
பிறகு உள்ளே கூப்பிட்டார்,
இரண்டு வருடத்தில் முதல் முறை.
சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர்.
மே மாதம் பிறந்தும் அக்டோபர்.
அதைத் தூக்கிக் காட்டினார்:
பூஞ்சை பூத்த சுவர், எங்கள் தோசையின் மறுபக்கம்.
"என் வீட்டுக் குழாய்தான் கசிந்து
உங்களை நனைக்கிறதோ என்று
கேட்கப் பயமாக இருந்தது."

நெரிஸ் காரையை அறுத்தாள்.
இரு வீட்டுக் கொடித் துணிகளிலும்
ஒரே செம்பொடி.
ஈயத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல்
ஒரே துண்டாய்ப் போடவில்லை,
நீண்டால் தானே வெடிக்குமாம்.
மரச்சுத்தியலால் தட்டித் தட்டி
கல்லின் மேடு பள்ளத்தைப் படிக்க வைத்தாள்.
ஆப்பு, காரை, கடைசியில் ஒரு கை எண்ணெய்.
கீழ்முனையில் தகட்டைக் கொஞ்சம்
வெளியே மடக்கிவிட்டாள்,
போகிறவர்க்கு வழி சொல்வது போல்.

ஞாயிறு ராத்திரி கொட்டித் தீர்த்தது.
கறைக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன்.
ஒரு மாதம் காய்ந்தபின் பெயின்ட் அடிக்கலாம்
என்றிருக்கிறாள், அதனால் தோசை இன்னும் அங்கேயே.
தண்ணீர் வெளியே பீலிக்குள் விழும் சத்தம்.
சுவருக்கு அப்பால் காலண்டர் தாள்
புரளும் சத்தம் கேட்டது என்று சொல்ல மாட்டேன்,
சுவர் தடிமன்.

பில்லில் பாதி தருகிறேன் என்றார் பார்க்கின்.
வேண்டாம் என்றேன்.
"அந்த வெயிலுக்கு ஈடாக இருக்கட்டும்"
என்றான் சேந்தன்,
தமிழில், மெதுவாக.