சான்றுப்பொருள் நான்கு

மாரிபோர் தொழிலாளர் நீதிமன்றம்.
மேசைமேல் ஒரு ஜாடி,
உள்ளே புளித்த மாவு.

"பணிக்காலத்தில் உருவான அனைத்தும் நிறுவனத்துக்கே."
ஏழாம் பிரிவை வாசிக்கிறார் வக்கீல்.
நெஷ்கா கையெழுத்திட்டபோது
ஜாடிக்கு வயது மூன்று.
அதன்பின் பதினோரு வருஷம்
தின்றதெல்லாம் பேக்கரி மாவு.
தினமும் பாதியை எறிந்து
பாதிக்குப் புதிது போட்டால்
எந்தக் கரண்டியில் கைமாறியது உரிமை?

"லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னாரே?"
எழுத்தில் உண்டா?
விடிகாலை நாலு மணி,
இருவர் விரலிலும் பிசுபிசுப்பு.
பேனாவை யார் தொடுவது?

ஆறு வாரம் தள்ளிவைப்பு.
அதுவரை ஜாடியை யாரும் திறக்கக்கூடாது.

"ஐயா, அதற்குப் பசிக்குமே!"
பதறி எழுந்தவர் முதலாளி போகோமிர்.

நெஷ்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஊட்டும் நேரம் தாண்டி
நாற்பது நிமிஷம்.